இரண்டு ரிவால்வர்களும் 1250 பவுண்டும்

பழம்பொருள் சேகரிப்பவர்களுக்கு அபூர்வமான பொருளைவிட அதிகச் சிக்கல் தருவது, ஒன்றைப் போலவே இருக்கும் மற்றொன்றுதான். அபூர்வப் பொருள் தன்னைத் தானே அறிவித்துக்கொள்கிறது. இரட்டைப் பிள்ளைகளைப் போல அருகருகே நிற்கும் இரண்டில் எது மூத்தது, எதைப் பார்த்து எது செய்யப்பட்டது, எதன் உடலில் பிற்காலத்துக் கை பட்டிருக்கிறது என்று சொல்ல வேறொரு கண் வேண்டும். சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தவர்களிடம் அந்தக் கண் இருந்தது. பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்களிடமும் அதே கண் இருக்கிறது என்பது, நம்மைப் போன்ற இலக்கிய வாசகர்கள் அதிகம் எண்ணிப் பார்த்திராத செய்தி.

அமெரிக்காவில் வசிக்கும் என் கல்லூரிக் கால நண்பர் ஒருவர் உலகப்போர்க் காலத்துக் கைத்துப்பாக்கிகளைச் சேகரிப்பவர். ஐம்பது ஆண்டுகளைக் கடந்த துப்பாக்கிகளைச் சேகரிப்போருக்கென்றே அந்நாட்டில் தனி உரிமம் இருக்கிறது. தன் சேகரிப்பில் புதிதாக ஒன்றைச் சேர்க்க எண்ணி, இரண்டு ரிவால்வர்களின் படங்களை எனக்கு அனுப்பியிருந்தார். ஒன்று வெப்ளி மார்க் 4. மற்றது என்ஃபீல்டு நம்பர் 2. இரண்டும் .38 அளவு, இரண்டுக்கும் ஐந்து அங்குலக் குழல், ஆறு தோட்டாக்கள். முதல் பார்வையில் ஒரே துப்பாக்கியை இரு கோணங்களில் படமெடுத்திருக்கிறார் என்றே எண்ணத் தோன்றும். துப்பாக்கியைத் தொட்டறியாத தமிழாசிரியனிடம் இதை ஏன் கேட்கிறாய் என்றதற்கு, "உனக்குப் பாடபேதம் பார்க்கத் தெரியுமல்லவா, இதையும் அப்படியே பார்" என்றார். அவருக்காகப் படிக்கத் தொடங்கியதில், இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழக்கும், ஒரு சாம்ராஜ்யத்தின் பல மனச்சாய்வுகளும் இருப்பது தெரிந்தது. அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சொல்லைப் பற்றி ஒரு சிறு விளக்கம். தமிழில் நாம் ரிவால்வரையும் பிஸ்டலையும் வேறுபடுத்துவதில்லை, இரண்டும் கைத்துப்பாக்கிதான். ரிவால்வரில் தோட்டாக்கள் ஒரு சுழலும் உருளையில் இருக்கும்; விசையை இழுக்கும்போது உருளை ஒரு அறை நகரும். தானியங்கிப் பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் ஒரு பெட்டியில் அடுக்கப்பட்டிருக்கும். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதனின் கையில் இருந்தது ரிவால்வர் அன்று. பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் தானியங்கிப் பிஸ்டல். எதிரில் இருந்த அரசின் அதிகாரிகளோ அன்று பெரும்பாலும் ரிவால்வரையே நம்பியிருந்தார்கள். அதற்கு இன்னொரு பெயர் வெப்ளி என்றே சொல்லிவிடலாம்.

பர்மிங்காம் நகரத்து வெப்ளி நிறுவனத்தின் ரிவால்வரைப் பிரிட்டிஷ் ராணுவம் மார்க் 1 என்ற பெயரில் ஏற்றுக்கொண்டது 1887-இல். (உ.வே.சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். இரண்டுக்கும் தொடர்பு ஏதுமில்லை. ஆண்டைப் பார்த்ததும் என் போன்றவர்களுக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது.) இதன் தனித்தன்மை அது மடிந்து திறப்பது. இடப்பக்கம் இருக்கும் பிடியைக் கட்டைவிரலால் அழுத்தினால் மேற்பகுதியின் பூட்டு விலகும்; குழலும் உருளையும் முன்பக்கமாகக் கீழே கவியும்; அப்போது உருளையின் நடுவிலிருந்து நட்சத்திர வடிவத் தகடு எழுந்து, ஆறு வெற்றுக் குப்பிகளையும் ஒரே வீச்சில் வெளியே தள்ளிவிடும். ஒவ்வொன்றாகக் குத்தி வெளியேற்ற வேண்டியிருந்த பழைய ரிவால்வர்களோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். அதன்பின் மார்க் 2, 3, 4, 5 என்று சிறு சிறு திருத்தங்களுடன் வளர்ந்து, 1915-இல் மார்க் 6 ஆயிற்று. ஆறு அங்குலக் குழல், ஏறத்தாழ 1.1 கிலோ எடை, .455 அங்குலத் தோட்டா. முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில் இருந்தது இதுவே.

வெப்ளியின் பெயர்களிலேயே ஒரு பாடபேதம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அதிகாரிகள் தம் சொந்தப் பணத்தில் விரும்பி வாங்கிய வெப்ளி ரிவால்வர் வகை ஒன்றில் 'டபிள்யூ.ஜி.' என்ற இரண்டு எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். இதை நெடுங்காலம் எல்லோரும் 'வெப்ளி-கவர்ன்மென்ட்' என்றே விரித்துப் படித்தார்கள். உண்மையில் அது 'வெப்ளி-கிரீன்'. எட்வின்சன் கிரீன் என்ற துப்பாக்கி வினைஞர் வடிவமைத்த உருளையை வெப்ளி 1885 முதல் பயன்படுத்தியது. அவர் பெயரின் முதலெழுத்தே அந்த 'ஜி'. படிப்பவர்கள் தம்மை அறியாமலேயே ஒரு வினைஞனின் பெயரை அழித்துவிட்டு அந்த இடத்தில் அரசாங்கத்தை உட்கார வைத்துவிட்டார்கள். பிறகு நடந்ததைப் பார்க்கும்போது, இந்தத் தவறான பாடம் ஒரு முன்னறிவிப்பு போலவே இருக்கிறது.

முதல் போர் முடிந்ததும், .455 தோட்டா தேவைக்கு மேல் பெரிது என்ற முடிவுக்குப் பிரிட்டிஷ் ராணுவம் வந்தது. அந்தத் துப்பாக்கியின் எடையும் உதைப்பும் பழக்கமில்லாதவனை மிரட்டிவிடும். அவசரமாகப் படையில் சேர்க்கப்படும் சாதாரண மனிதனுக்குக் குறைந்த காலத்தில் பயிற்சி தர வேண்டுமானால் சிறிய துப்பாக்கி வேண்டும். .38 அளவில் 200 கிரெய்ன், அதாவது சுமார் 13 கிராம் எடையுள்ள ஈயக் குண்டு போதும் என்று தீர்மானித்தார்கள். வெப்ளி நிறுவனம் (அப்போது வெப்ளி & ஸ்காட்) தன் .38 ரிவால்வரை முன்வைத்தது. அரசு அதை வாங்கவில்லை. வடிவமைப்பை என்ஃபீல்டில் இருந்த தன் சொந்த ஆயுதத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனது. 1930களின் தொடக்கத்தில் அங்கிருந்து ஒரு ரிவால்வர் வெளிவந்தது. வெளித்தோற்றத்தில் ஏறத்தாழ வெப்ளியே. 'நம்பர் 2 மார்க் 1' என்று பெயரிட்டு ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது.

வெப்ளி சும்மா இருக்கவில்லை. ஆய்வுக்கும் வடிவமைப்புக்கும் தான் செலவிட்டதற்காக 2250 பவுண்டு கேட்டு அரசுக்கு எதிராக உரிமை கோரியது. என்ஃபீல்டின் மறுமொழி திட்டவட்டமாக இருந்தது: இந்த ரிவால்வரை வடிவமைத்தவர் எங்கள் கேப்டன் பாய்ஸ், வெப்ளி அதற்கு உதவி செய்தது, அவ்வளவே. (இதே பாய்ஸின் பெயரைத்தான் பின்னர் டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கி ஒன்றுக்கு வைத்தார்கள்.) கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. ஆனால் கண்டுபிடிப்பாளர்களுக்கு வெகுமதி வழங்கும் அரச ஆணையம் பின்னர் வெப்ளிக்கு 1250 பவுண்டு கொடுத்தது.

எனக்கு இந்த 1250-தான் முக்கியமாகப் படுகிறது. வடிவம் முழுக்க பாய்ஸுடையது என்றால் ஒரு பவுண்டும் தரவேண்டியதில்லை. முழுக்க வெப்ளியுடையது என்றால் 2250-ம் தரவேண்டும். கேட்டதில் பாதியைச் சற்றே தாண்டும் ஒரு தொகையைக் கொடுத்ததன் மூலம், சொல்லால் மறுத்ததை அரசு பணத்தால் ஒப்புக்கொண்டது என்றே நான் வாசிக்கிறேன். நியாயமாகச் சொன்னால் என்ஃபீல்டின் பக்கமும் முற்றிலும் பொய்யில்லை. உள்ளே உள்ள இயங்குபகுதிகளில் பாய்ஸ் மாற்றங்கள் செய்திருக்கிறார். என்ஃபீல்டின் சட்டத்தில் பக்கவாட்டில் கழற்றக்கூடிய தகடு ஒன்று உண்டு. அதைத் திறந்தால் உள்ளுறுப்புகளைப் பார்க்கலாம், பழுது நீக்கலாம். வெப்ளியில் அது இல்லை. படங்களை வைத்து இரண்டையும் பிரித்தறிய விரும்புபவர் முதலில் தேடவேண்டியது இந்தத் தகட்டைத்தான். உரையாசிரியர் ஒருவரின் விளக்கத்தை எடுத்துக்கொண்டு, வரிசையை மாற்றி, இரண்டு இடங்களில் தெளிவும் சேர்த்து, தம் பெயரில் வெளியிட்டவர்களை நாம் அறிவோம். அங்கே சேர்த்த தெளிவு உண்மையானதுதான். முதல் ஆசிரியரின் பெயர் போனதும் உண்மைதான்.

வேடிக்கை என்னவென்றால் போர் வந்ததும் அரசு வெப்ளியிடமே திரும்ப வேண்டியதாயிற்று. என்ஃபீல்டால் தேவைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. முன்பு ஏற்க மறுத்த அதே வெப்ளி மார்க் 4-ஐ ராணுவம் வாங்கிக்கொண்டது; அமெரிக்காவின் ஸ்மித் & வெஸ்ஸனிடமிருந்தும் பெரும் எண்ணிக்கையில் .38 ரிவால்வர்களைத் தருவித்தது. ஸ்காட்லாந்தில் லாரி செய்துகொண்டிருந்த ஆல்பியன் மோட்டார்ஸ் 1941 முதல் என்ஃபீல்டு ரிவால்வர் செய்தது. தையல் இயந்திரத்துக்குப் பெயர்போன சிங்கர் நிறுவனம் உறுப்புகளைச் செய்து அனுப்பியது. நம் வீட்டு மூலையில் பாட்டியின் கால்மிதி இயந்திரத்தில் பொன்னெழுத்தில் பார்த்த அந்தப் பெயரின் சுருக்கத்தை, ஒரு ரிவால்வரின் உறுப்பில் சிறு முத்திரையாகக் காண்பது விசித்திரமான உணர்வு. ஆஸ்திரேலியாவில் உழவு இயந்திரம் செய்த ஹோவர்டு நிறுவனமும் முயன்றது. சில நூறோடு அது நின்றுபோனது. என்ஃபீல்டு வகையில் சேகரிப்பாளர்கள் மிகவும் ஏங்குவது அந்தச் சில நூறில் ஒன்றுக்காகத்தான்.

போர்க்கால வெப்ளியின் உடலில் 'வார் ஃபினிஷ்' என்ற இரண்டு சொற்கள் பொறிக்கப்பட்டிருக்கும். போர்க்காலப் பூச்சு, அதாவது அவசரத்தில் முடிக்கப்பட்டது என்று பொருள். பர்மிங்காம் வினைஞர்களுக்குத் தம் பழைய மெருகின்மேல் அவ்வளவு கர்வம். அரம் பட்ட கீறல்களோடும் மங்கிய நிறத்தோடும் இது வெளியே போவதற்குப் போர்தான் காரணம், எங்கள் கை அன்று என்று இரும்பிலேயே எழுதிக்கொடுத்துவிட்டார்கள். அவையடக்கம் என்று நாம் சொல்லும் மரபுக்கு இதைவிட நேர்மையான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அதே வெப்ளியில் '.38 145/200' என்றும் பொறிப்பு இருக்கும். 145 கிரெய்ன், 200 கிரெய்ன் என்ற இருவகைக் குண்டுகளையும் அது குறிக்கிறது. ஆனால் போர் தொடங்கியபோது சிப்பாயின் பையில் இருந்தது 178 கிரெய்ன் எடையுள்ள, மேலே உலோக உறை பூண்ட குண்டு. உறையில்லாத ஈயக்குண்டு உடலுக்குள் விரிந்து சிதைக்கும். அது 1899-ஆம் ஆண்டு ஹேக் பிரகடனத்துக்கு முரணாகலாம் என்ற கவலையே மாற்றத்துக்குக் காரணம். அந்தப் பிரகடனத்தின் வேர் நம் நாட்டில் இருக்கிறது. கல்கத்தாவை அடுத்த டம் டம் ஆயுதக் கிடங்கில் 1890களில் உருவான விரியும் குண்டு வடமேற்கு எல்லைப் பழங்குடியினர்மேல் பயன்பட்டது. உலக மொழிகளுக்கெல்லாம் அந்த ஊர்ப்பெயர் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. ஹேக்கில் பிரிட்டனின் பிரதிநிதி, காட்டுமிராண்டிகளை நிறுத்த இத்தகைய குண்டு தேவை என்று வாதாடினார். ஐரோப்பியச் சிப்பாயின் உடலுக்கு ஒரு குண்டு, பட்டாணியரின் உடலுக்கு வேறொரு குண்டு. பிரிட்டன் அந்தப் பிரகடனத்தை ஏற்றது 1907-இல்தான். .38-இன் ஈயக்குண்டு மாற்றப்பட்டதும் ஜெர்மானியரோடு போர் நெருங்கிவந்த காலத்தில்தான். காரணத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி என்ஃபீல்டுக்கு வருவோம். அதன் சட்டத்தின் வலப்பக்கத்தில் கிரீடம், தொழிற்சாலையின் பெயர், மார்க் எண், செய்த ஆண்டு எல்லாம் வரிசையாக இருக்கும். இதுவே சேகரிப்பாளருக்கு அது தரும் முதல் அனுகூலம். இரண்டாவது, அந்த மார்க் எண்ணுக்குப் பின்னால் வரும் நட்சத்திரக்குறி. நம்பர் 2 மார்க் 1-இல் சுத்தியின் பின்புறம் கட்டைவிரலால் இழுத்து வைப்பதற்கு ஒரு கொம்பு இருந்தது. 1938-இல் அந்தக் கொம்பை நீக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு விசையை நீளமாக இழுத்தே ஒவ்வொரு முறையும் சுடவேண்டும். இந்த வகைக்கு 'மார்க் 1 நட்சத்திரம்' என்று பெயர். டாங்கிகளின் நெருக்கடியான உள்ளிடத்தில் கொம்பு எதிலாவது சிக்கிக்கொள்கிறது என்பது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. உற்பத்தியை எளிதாக்கவே செய்தார்கள் என்பது மற்றொன்று. மாற்றம் வந்தது போருக்கு முந்தைய ஆண்டில்; உற்பத்தி நெருக்கடி அப்போது இன்னும் தொடங்கவில்லை. ஆகவே டாங்கிக் காரணமே பொருத்தம் என்பது என் கருத்து. சிப்பாய்களுக்கு இது பிடிக்கவில்லை. குறிபார்த்துச் சுடுவதற்கு நீண்ட இழுப்பு இடைஞ்சல்தானே.

புதிதாகச் செய்தவற்றோடு மாற்றம் நிற்கவில்லை. ஏற்கெனவே வழங்கப்பட்டிருந்த பழைய மார்க் 1 துப்பாக்கிகளும் பழுதுக்கு வரும்போதெல்லாம் கொம்பு நீக்கப்பட்டு நட்சத்திரம் பெற்றன. ஆகவே 1930களின் நடுவில் செய்து, கொம்போடு தப்பிப் பிழைத்த மார்க் 1 இன்று அரிது, விலையும் அதிகம். 1942-இல் இரட்டை நட்சத்திரம் ஒன்றும் வந்தது. உற்பத்தியை விரைவாக்கச் சுத்தியைத் தடுக்கும் பாதுகாப்பு உறுப்பையே விட்டுவிட்டார்கள். கை தவறிக் கீழே விழுந்தால் தானே வெடிக்கக்கூடிய ரிவால்வர் எதிரிக்கு மட்டும் ஆபத்தானதல்லவே. விரைவிலேயே அதைக் கைவிட்டார்கள்.

இங்கேதான் சேகரிப்பாளர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். ஒரு கட்சிக்கு மாற்றம் எதுவும் படாதது வேண்டும். இன்னொரு கட்சி, மாற்றப்பட்டதை மாற்றப்பட்டதாகவே விரும்புகிறது. இடையில் இரண்டு கட்சியையும் கெடுக்கும் மூன்றாவது கூட்டமும் உண்டு: நட்சத்திரம் பெற்ற துப்பாக்கியில் வேறெங்கோ கிடைத்த கொம்புள்ள சுத்தியைப் பொருத்தி, 'அசல் மார்க் 1' என்று விற்பவர்கள். சட்டத்தில் நட்சத்திரம் இருந்து சுத்தியில் கொம்பும் இருந்தால் அது பிற்காலச் செருகல் என்று உடனே ஐயுற வேண்டும். சட்டம், குழல், உருளை மூன்றிலும் உள்ள வரிசை எண்கள் ஒத்துப்போகின்றனவா என்பது அடுத்த சோதனை. மூன்று சுவடிகளின் ஏடுகளைக் கலந்து ஒரு கட்டாகக் கட்டிவைத்ததைப் போல, மூன்று துப்பாக்கிகளின் உறுப்புகள் ஒன்றில் இருக்கக்கூடும்.

பிரிட்டிஷ் அரசின் உடைமைக்கு அடையாளம் மேல்நோக்கிய ஓர் அம்புக்குறி. அரசு அதை விற்றுக் கழிக்கும்போது, முதல் அம்பின் முனையைத் தொடும்படி எதிர்த்திசையில் இன்னோர் அம்பைப் பொறிப்பார்கள். முனையோடு முனை சந்திக்கும் இரண்டு அம்புகள் இருந்தால் அந்தத் துப்பாக்கி படையை விட்டு முறைப்படி வெளியேறியிருக்கிறது. வெளியேறி வணிகத்துக்கு வரும்போது பர்மிங்காம் சோதனைச்சாலையில் சுட்டுப் பரிசோதித்து, தோட்டாக் குப்பியின் நீளம் .767 அங்குலம், தாங்கும் அழுத்தம் மூன்றரை டன் என்று குழலிலும் உருளையிலும் பெரிய எழுத்தில் குத்தியிருப்பார்கள். அழகை நாடுபவர்களுக்கு இந்த முத்திரைகள் தழும்பு. மெருகிட்டு அவற்றைத் தேய்த்தழித்தவர்களும் உண்டு. பளபளவென்று கருநீலத்தில் மின்னும் போர்க்கால ரிவால்வரைக் கண்டால் விலகிப்போவதே நல்லது; 'வார் ஃபினிஷ்' என்ற பொறிப்பின்மேல் கண்ணாடி மெருகு ஏறியிருந்தால் அது தன்னையே மறுத்துப் பேசுகிறது.

மூத்தவரான .455 மார்க் 6-க்கு நேர்ந்த கதி இன்னும் மோசம். போருக்குப் பின் கழிக்கப்பட்டு அமெரிக்கச் சந்தைக்குப் போனவற்றுக்கு அங்கே .455 தோட்டா எளிதில் கிடைக்கவில்லை. ஆகவே உருளையின் பின்பகுதியைச் சீவி, அமெரிக்க .45 தானியங்கித் தோட்டா பொருந்தும்படி செய்துவிட்டார்கள். அந்தத் தோட்டாவின் அழுத்தம் பழைய வெப்ளிக்கு அதிகம். சீவாத உருளையுள்ள மார்க் 6 கிடைப்பதே இப்போது பேறு. அதற்கென்று சிலநூறளவில் மட்டுமே செய்யப்பட்ட பிரிட்சர்டு பயனெட் என்ற குத்துவாளும் சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது என்றால், அவற்றில் எத்தனை அசல் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

நண்பருக்கு என்ஃபீல்டையே பரிந்துரைத்தேன். அவர் அனுப்பிய படத்தில் இருந்தது 1936 என்று ஆண்டு பொறித்த ஒன்று. 'மார்க் 1' என்ற எழுத்துகள் ஒரே சீராக இருக்க, நட்சத்திரம் மட்டும் சற்றே விலகி, வேறு ஆழத்தில், வேறொரு கையால் குத்தப்பட்டிருந்தது. சுத்தியில் கொம்பு இல்லை. எதிரெதிர் அம்புகள் தெளிவாகத் தெரிந்தன. வெப்ளியின் படம் பார்க்க அழகாக இருந்தது; ஆனால் யாரோ புதுநிறம் ஏற்றியிருந்தார்கள். வடிவம் யாருடையது என்ற வழக்கில் என் அனுதாபம் வெப்ளியின் பக்கம்தான். இந்தக் குறிப்பிட்ட வெப்ளியிடம் அந்தக் கதையைச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

நம் நாட்டில் இப்படிப் படம் பார்த்து வாங்குவது எளிதன்று. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பழுது நீக்கினாலும் சுடமுடியாத நிலையில் உள்ள பழம்பொருள் மதிப்புள்ள ஆயுதங்களுக்கு மட்டுமே விலக்கு அளிக்கிறது. இயங்கும் துப்பாக்கி எவ்வளவு பழையதானாலும் உரிமம் வேண்டும். ஒருவர் வைத்திருக்கக்கூடிய எண்ணிக்கையும் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது.

ஆனால் அந்த வடிவம் இங்கே வாழ்கிறது. கான்பூரில் அரசுத் தொழிற்சாலையில் செய்யப்பட்டு, உரிமம் பெற்ற குடிமக்களுக்கு விற்கப்படும் .32 ரிவால்வர் வெப்ளி மார்க் 4-ஐப் பின்பற்றியது. அதே போல மடிந்து திறக்கும், ஆறு குப்பிகளையும் அதே போல ஒன்றாக உதறும். 2014-இல் பெண்களுக்கென்று சொல்லி அறிமுகப்படுத்தப்பட்ட எடை குறைந்த 'நிர்பீக்'கும் அந்தக் குடும்பம்தான். பர்மிங்காமில் 1979-இல் துப்பாக்கி செய்வதை நிறுத்திய வெப்ளி & ஸ்காட்டின் பெயரில், உத்தரப்பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்தில் உற்பத்தி தொடங்கப்போவதாக 2020-இல் அறிவிப்பு வந்தது. கான்பூர் ரிவால்வரின் உடலில் இருப்பது தொழிற்சாலையின் பெயர். வெப்ளி என்றோ பாய்ஸ் என்றோ கிரீன் என்றோ அதில் எங்கும் இல்லை.